வேன் நின்ற வாசல்

தம்போய்
16 செப்டம்பர் 2025

என் டொரத்திக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். வாட்ஸ்ஆப்பில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். உன் தங்கை சூசனைக் கூப்பிட்டால், "அக்கா தூங்குறாங்க அத்தான்" என்கிறாள். பட்டப்பகலில் எந்த அக்கா தூங்குவாள்? அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். என் கையெழுத்து இவ்வளவு கேவலமாகிவிட்டதா என்று எனக்கே சிரிப்பு வந்தது. உனக்கும் வந்தால் நல்லது.

என்ன நடந்தது என்று எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. ஸ்கூடாயில் ரிக்கார்டிங் முடிந்தது. மைக்கைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் நீ இல்லை. ஒப்பனை அறையில் இருப்பாய் என்று காத்திருந்தேன். வீட்டுக்கு வந்தால் அலமாரியில் உன் பாதிச் சேலைகளைக் காணோம். பாலோவுக்கு, சூசன் வீட்டுக்குப் போய்விட்டாய் என்று மறுநாள் அவள் சொல்லித்தான் தெரியும்.

நான்கு வருடமாக 'ஞாயிறு மேசை'யில் நாம் எதிரெதிரே உட்கார்ந்து புத்தகத்துக்கும் நாடகத்துக்கும் சண்டை போட்டிருக்கிறோம். புருஷன் பெண்டாட்டி சண்டையைப் பார்க்கத்தான் ஜனங்கள் டிவியைப் போடுகிறார்கள் என்று நம் தயாரிப்பாளர் சாந்தினியே சொல்வாள். ஒரு நாளாவது நீ கோபித்துக்கொண்டு போனதுண்டா? இந்த முறை நான் செய்ததெல்லாம், 'பெயரில்லாக் கதை' பகுதிக்கு வந்த ஒரு கதையைக் கிழித்ததுதான். யாரோ ஒரு நேயர், பெயர் போடாமல் அனுப்பியது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் தினமும் காலையில் வாசலில் நிற்கிறாளாம். பள்ளி வேன்காரர் தினமும் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்து காத்திருக்கிறாராம். நீ "நான் இதை நம்புகிறேன்" என்றாய். நான், "டொரத்தி அம்மாவுக்கு எல்லார் மேலயும் இரக்கம், கதை மேலயும் இரக்கம்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் உன்னைக் குத்திவிட்டது என்று நினைக்கிறேன். கேமரா முன்னால் உன்னைக் கேலி செய்தது தப்புதான். ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்த ரிக்கார்டிங்குக்கு உன் நாற்காலியில் யாரை உட்கார வைப்பது என்று சாந்தினி கேட்கிறாள். யாரையும் வைக்காதே என்று சொல்லிவிட்டேன். வீட்டு மேசையிலும் உன் தட்டை எடுக்காமல் வைத்திருக்கிறேன். வந்துவிடு, டொரத்தி. இந்த வீட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிட எனக்குத் தெரியாது.

உன்
வாலண்டைன்

---

பாலோ
24 செப்டம்பர் 2025

ஜேடன் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. சூசன் பொய் சொல்லவில்லை. இங்கே வந்ததிலிருந்து பகலில்தான் தூக்கம் வருகிறது.

சிரிப்பு என்னைக் குத்தவில்லை. உங்கள் கேலி எனக்குப் பழகிப்போனது. அந்தக் கதையை எழுதியது நான்.

ஜேடனை அடக்கம் செய்த பிறகு வந்த முதல் திங்கட்கிழமை, நம் வாசலில் பாக் ஹாஷிமின் பள்ளி வேன் வந்து நின்றது. பாவம், பழக்கத்தில் நிறுத்திவிட்டார். நான் கேட்டருகே நின்றிருந்தேன். ஏன் நின்றேன் என்று எனக்கே தெரியாது. அந்த நேரத்துக்கு என் கால் அங்கேதான் போகும். அவர் என்னைப் பார்த்தார். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போயிருக்கலாம். இறங்கி வந்து, எப்போதும்போலக் கதவைத் தள்ளித் திறந்துவிட்டு நின்றார். உள்ளே இருந்த பிள்ளைகள் என்னையே பார்த்தார்கள். நான் தலையசைத்தேன். அவர் கதவைச் சாத்தினார். "ஏசோக் சாயா டாத்தாங் லாகி, புவான்" என்றார். நாளைக்கும் வருகிறேன் அம்மா என்று சொன்னபடி மறுநாளும் வந்தார். வருடக் கடைசி விடுமுறை விடும்வரை வந்தார்.

அந்த நேரத்தில் நீங்கள் சிங்கப்பூர் வேலைக்காக எல்லைப் பாலத்தில் வரிசையில் நின்றுகொண்டிருப்பீர்கள். விடியும் முன்பே கிளம்பிப் போகிறவரை நான் குறை சொல்லவில்லை. பொழுது சாய்ந்து நீங்கள் திரும்பும்போது அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லிவிட்டால் அது நின்றுபோய்விடுமோ என்ற பயம்.

பதினோரு வருடம் கழித்து அதை எழுதினேன். பெயர் போடாமல் நம் நிகழ்ச்சிக்கே அனுப்பினேன். மனைவி என்ற தயவு இல்லாமல் நீங்கள் அதை எப்படி வாசிப்பீர்கள் என்று கேட்க ஆசை. என் புத்தி அப்படிப் போயிற்று. ஒரு வேளை பாதியிலேயே நீங்கள் நிறுத்திவிடுவீர்கள், என் முகத்தைப் பார்ப்பீர்கள் என்று நினைத்தேன். டெங்கிக் காய்ச்சல், ஒன்றாம் ஆண்டுப் பையன், மஞ்சள் வேன், துருப்பிடித்த கேட் என்று எல்லாம் அதில் இருந்ததே.

நீங்கள் சொன்னது எனக்கு வரி வரியாக நினைவிருக்கிறது. "செத்துப்போன பிள்ளைக்கு எந்த வேன்காரரு லா தினமும் வண்டிய நிறுத்துவாரு? சும்மா அழ வைக்கிற வேலை. இத எழுதினவங்க வீட்ல சாவே விழுந்திருக்காது, நான் எழுதித் தரேன்."

எழுதித் தர வேண்டாம். கொஞ்ச நாள் என்னைத் தேடவும் வேண்டாம்.

டொரத்தி

---

தம்போய்
28 செப்டம்பர் 2025

என் கண்ணே டொரத்தி,

உன் கடிதத்தை வாசலிலேயே பிரித்துப் படித்தேன். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். பக்கத்து வீட்டு ராஜசேகரன், "என்ன சார், பிரஷரா?" என்று ஓடி வந்தார். என்ன சொல்வேன் நான்?

என் நாக்கை அறுத்துப் போட்டால் தேவலை. அந்த நிகழ்ச்சியைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். நான் பேசுகிறேன், கை ஆட்டுகிறேன், பேனாவால் மேசையைத் தட்டுகிறேன். நீ தண்ணீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாய். நீ ஒரு மிடறுகூடக் குடிக்கவில்லை. உன் முகத்தைக் கேமரா பார்த்திருக்கிறது, எதிரே இருந்த நான் பார்க்கவில்லை. என் மகனின் சாவைப் பார்த்துப் பொய் என்று சொல்லியிருக்கிறேன். இதை மன்னி என்று கேட்கவே வாய் கூசுகிறது. கேட்காமலும் இருக்க முடியவில்லை. மன்னித்துவிடு.

ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, டொரத்தி. நானும் அவன் அப்பாதானே? பாலத்தில் பஸ்ஸுக்குள் நசுங்கி நின்றபடி நானும் அழுதிருக்கிறேன். அதை யார் எழுதுவது?

இன்னொன்று கேட்கிறேன், கோபிக்காதே. பாக் ஹாஷிம் உண்மையாகவே ஒவ்வொரு நாளும் இறங்கி வந்து கதவைத் திறந்தாரா? அல்லது ஒன்றிரண்டு நாள் நடந்ததைக் கதைக்காக நீட்டினாயா? எழுதுகிறவர்கள் அப்படிச் செய்வது தப்பில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். ஏனென்றால் நான் சொன்னதை நானே திருப்பி வாங்க வேண்டும். எந்த மேசையில் சொன்னேனோ அதே மேசையில். எத்தனை பேர் பார்க்கச் சொன்னேனோ அத்தனை பேர் பார்க்க. உனக்கு அவ்வளவாவது நான் செய்ய வேண்டாமா?

இரவெல்லாம் உன் பக்கத்துத் தலையணையைத் தடவுகிறேன். ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

உன் பாவி
வாலண்டைன்

---

பாலோ
9 அக்டோபர் 2025

ஜேடன் அப்பாவுக்கு,

மேசையில் எதையும் திருப்பி வாங்க வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன். அது பெயரில்லாத கதை, அப்படியே இருக்கட்டும். ஜேடனின் பெயர் டிவியில் வரக் கூடாது. அவன் ஸ்கூல் படத்தைப் பின்னால் போட்டு, ஒரு வயலினை வாசிக்க விட்டு, சாந்தினி கண்ணைத் துடைத்துக்கொள்வதை என்னால் பார்க்க முடியாது. அவள் நல்ல பெண்தான். அவள் வேலை அது.

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் சூசனோடுகூடப் பேசவில்லை.

ஆனாலும் உங்களை விட்டுவிட்டு இங்கேயே இருந்துவிடலாம் என்றும் தோன்றவில்லை. காலையில் கோப்பி கலக்கினால் இரண்டு கப் கலக்குகிறேன். சூசன் பார்த்துச் சிரிக்கிறாள். அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன்.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். இந்த வருடம் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. முதல் வருடம் மட்டும்தான் நீங்கள் என்னோடு வந்தீர்கள். பிறகு ஓவர்டைம், பிறகு மலேசிய எழுத்தாளர் கூட்டம், பிறகு நிகழ்ச்சி. நான் சூசனோடு போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவேன். இந்த முறை நீங்கள் வாருங்கள். ஐந்தரைக்கு ஃபாதர் புனித நீர் தெளித்துக் கல்லறைகளை மந்திரிக்க ஆரம்பிப்பார். ஒரு மெழுகுவர்த்தி கொண்டுவந்தால் போதும். பூ நான் வாங்கிக்கொள்கிறேன். பேச வேண்டாம். மன்னிப்புக் கேட்க வேண்டாம். பக்கத்தில் நின்றால் போதும்.

வந்தீர்கள் என்றால், அங்கிருந்து உங்கள் காரிலேயே தம்போய்க்கு வந்துவிடுகிறேன். பையைக் கட்டிக்கொண்டுதான் வருவேன்.

ஜேடனின் அம்மா
டொரத்தி

---

தம்போய்
20 அக்டோபர் 2025

என் டொரத்திக்கு,

வருகிறேன். வருகிறேன். வருகிறேன். உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். மெழுகுவர்த்தி இன்றைக்கே வாங்கிவிட்டேன், காற்றில் அணையாமல் இருக்கக் கண்ணாடிக் கூண்டு வைத்தது. உன் தட்டைக் கழுவி வைத்தேன்.

உனக்கு ஒரு செய்தி. பாக் ஹாஷிமைக் கண்டுபிடித்துவிட்டேன்! பள்ளியில் கேட்டு, கேண்டீன்காரரைக் கேட்டு, கடைசியில் பார்த்தால் மனிதர் நம் தாமான் குடியிருப்புக்குப் பின்னாலேயே மகள் வீட்டில் இருக்கிறார். வயதாகிவிட்டது. இன்னமும் அந்தப் பழைய வேனை வைத்திருக்கிறார், பேரப்பிள்ளைகளுக்கு மட்டும் ஓட்டுகிறார். நான் யார் என்று சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

நீ எழுதியது ஒவ்வொரு வரியும் உண்மை, டொரத்தி! அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: "வண்டிய நிறுத்தாமப் போயிருந்தா, பிள்ள இல்லன்னு நான் போய் அந்தம்மாகிட்ட சொன்ன மாதிரி ஆயிருக்கும். அந்தம்மா தலையாட்டுனாத்தான் எனக்குப் போக மனசு வரும்." அவர் பேசியதைப் போனில் வீடியோவாகப் பதிவு செய்துகொண்டேன். "இது புவானுக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டார். கல்லறைத் திருநாளன்று எங்கே போவாய் என்பதையும் சொன்னேன். தலையாட்டினார்.

இப்போது நான் சொல்வதைப் பொறுமையாகக் கேள். நீ இல்லாமல் நிகழ்ச்சி தள்ளாடுகிறது. வருடக் கடைசியோடு நிறுத்திவிடலாம் என்று மேலே பேசிக்கொள்கிறார்களாம். நவம்பர் இரண்டாம் தேதி நேரலையாக ஒரு சிறப்பு நிகழ்ச்சி கேட்கிறார்கள், நாலரையிலிருந்து ஐந்தரை வரை. முடிந்த கையோடு காரை எடுத்தால் ஆறு மணிக்கு உன் பக்கத்தில் நிற்பேன். ஃபாதர் நம் வரிசைக்கு வரவே ஆறே கால் ஆகும், எனக்குத் தெரியும்.

அந்த நிகழ்ச்சியில் நான் என்ன பேசுவேன் என்று கேட்காதே. உன் மனம் நோகும்படி எதுவும் செய்ய மாட்டேன். நான் எழுதத் தெரியாதவன். ஒன்றைக் கட்டித் தரத் தெரியாதவன், இடிக்க மட்டும் தெரிந்தவன். பேசுவது ஒன்றுதான் எனக்கு வரும். என்னால் முடிந்ததைத்தானே உனக்குத் தர முடியும்?

மெழுகுவர்த்தியோடு வருகிறேன். பையைக் கட்டி வை.

உன்
வாலண்டைன்

---

தம்போய்
3 நவம்பர் 2025

டொரத்தி,

நான் வந்தேன். தயவுசெய்து இதை முதலில் நம்பு. நான் வந்தேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் கிளம்பவிடவில்லை. ஸ்டுடியோவில் எல்லாரும் அழுதுகொண்டிருந்தார்கள். கேமராக்காரப் பையன் ரூபேந்திரன் வந்து என் காலைத் தொட்டான். சாந்தினி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "இத்தனை வருஷத்துல இப்படி ஒன்னு நான் பண்ணதில்ல சார்" என்றாள். மேலேயிருந்து போன். யார் யாரோ படம் எடுக்க வந்தார்கள். தள்ளிக்கொண்டு வெளியே வந்தால் ஸ்கூடாய் ரோட்டில் வண்டிகள் அசையவில்லை. ஹாரன் அடித்தேன், கத்தினேன், ஒரு கட்டத்தில் காரை ஓரத்தில் விட்டுவிட்டு ஓடலாமா என்றுகூட நினைத்தேன்.

வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. காவலாளி கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். கெஞ்சி உள்ளே போனேன். ஜேடனின் கல்லறையில் மெழுகு உருகி ஒட்டிக்கிடந்தது. நான் கொண்டுபோனதை ஏற்ற நெருப்புப் பெட்டி இல்லை. அதை வாங்க மறந்திருக்கிறேன் பார். பற்ற வைக்காமலே கல்லின் மேல் வைத்துவிட்டு வந்தேன்.

நீ பார்த்தாயா? யாராவது உனக்குக் காட்டியிருப்பார்களே? பாக் ஹாஷிம் பேசியதைப் போட்டேன். அந்தக் கதை உன்னுடையது என்று சொன்னேன். ஜேடன் பெயரைச் சொன்னேன். சொல்லாதே என்றாய், தெரியும். ஆனால் அவன் பெயர் இல்லாமல் எப்படி நான் என் தப்பை ஒத்துக்கொள்வது? படம் ஒன்றே ஒன்றுதான் போட்டார்கள், அதுவும் சாந்தினி எங்கிருந்தோ எடுத்தது, நான் கொடுக்கவில்லை. எல்லாரும் உன்னைத்தான் புகழ்கிறார்கள், டொரத்தி. உன் கதையைக் கேட்கிறார்கள். நிகழ்ச்சியை நிறுத்த மாட்டார்களாம். உன் நாற்காலி உனக்காகக் காத்திருக்கிறது.

என்மேல் கோபமா? கோபம் என்றால் கோபம் என்று எழுது. நேரே பாலோவுக்கு வரட்டுமா? வந்தால் கதவைத் திறப்பாயா? நான் சாப்பிட்டு எவ்வளவு நேரமாயிற்று என்றே தெரியவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் வாசல் விளக்கைப் போட்டேன், இன்னும் அணைக்கவில்லை. ஒரு வார்த்தை போதும். உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

வாலண்டைன்

---

பாலோ
8 நவம்பர் 2025

வாலண்டைன் அவர்களுக்கு,

கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் நானே போன் செய்து கத்தியிருப்பேன்.

அன்று ஐந்து மணிக்கே போய்விட்டேன். சூசன் என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சேலை, மருந்து, சூசன் போட்டுக் கொடுத்த ஊறுகாய் எல்லாம் அதில் இருந்தது. உங்களுக்குப் பிடிக்கும் என்று எலுமிச்சையாகப் போடச் சொல்லியிருந்தேன். ஃபாதர் மந்திரிக்க ஆரம்பிக்கும் முன்பே, நம் பங்கு மக்கள் ஒவ்வொருவராகத் திரும்பி என்னைப் பார்க்க ஆரம்பித்தார்கள். எல்லார் கையிலும் போன். ஒரு அம்மா வந்து என் கன்னத்தைப் பிடித்து, "இவ்ளோ நாளா மனசுலயே வச்சிருந்தியாம்மா?" என்று ஓவென்று அழுதார். அவரை எனக்கு யார் என்றே தெரியாது. அவர் போனில் நீங்கள் பேசிக்கொண்டிருந்தீர்கள். என் பிள்ளையின் கல்லறைக்கு முன்னால் நின்று உங்கள் குரலைக் கேட்டேன். நன்றாகப் பேசினீர்கள். எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினீர்கள். ஃபாதர் வந்து தண்ணீர் தெளித்தபோதுகூட யாரோ ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

நான் எழுதியதை நீங்கள் நம்பவில்லை. சரி, அப்போது என் பெயர் அதில் இல்லை. பிறகு என் பெயர் போட்டு, என் கையால் எழுதினேன். அதையும் நம்பாமல் சாட்சியைத் தேடிப் போனீர்கள். சாட்சி கிடைத்ததும் "நீ எழுதியது ஒவ்வொரு வரியும் உண்மை" என்று எனக்கே எழுதினீர்கள். முப்பது வருடம் உங்களோடு படுத்து எழுந்தவளுக்கு அதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தீர்களோ, தெரியவில்லை.

ஆறு மணிவரை வாசலைப் பார்த்தேன். ஏழு மணிவரையும் பார்த்தேன். நீங்கள் வந்தால் போதும், பேசியதெல்லாம் போகட்டும் என்றுதான் அப்போதும் இருந்தது. அது எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

கிளம்பும்போது கேட்டுக்கு வெளியே ஒரு பழைய மஞ்சள் வேன் நின்றிருந்தது. பாக் ஹாஷிம். எப்போது வந்தாரோ, உள்ளே வராமல் அங்கேயே காத்திருந்திருக்கிறார். அவர் முகம் டிவியில் வந்தது அவருக்கே தெரியாது. எனக்குக் காட்டத்தான் நீங்கள் பதிவு செய்கிறீர்கள் என்று நினைத்தாராம். பூ விற்கிற பெண் போனில் காட்டித்தான் தெரிந்துகொண்டிருக்கிறார். "மாஆஃப், புவான்" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அவர் ஏன் கேட்க வேண்டும், சொல்லுங்கள்?

பிறகு, எதற்கு என்று தெரியாமல், அந்தப் பழைய பழக்கத்தில் வேன் கதவைத் தள்ளித் திறந்துவிட்டு நின்றார். சூசன் பையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையசைத்தேன். அவர் கதவைச் சாத்தினார். இந்த முறை நாளைக்கு வருகிறேன் என்று சொல்லவில்லை. அதன் பிறகுதான் நான் அழுதேன்.

நீங்கள் பாலோவுக்கு வர வேண்டாம். வந்தாலும் கதவைத் திறக்க மாட்டேன். தம்போய் வீட்டில் ஜேடனின் தண்ணீர்ப் புட்டி அடுக்களை மேல் தட்டில் இருக்கிறது. அதை மட்டும் சூசன் வந்து வாங்கிக்கொள்வாள். அதைப் படம் எடுக்காமல் கொடுத்தனுப்புங்கள்.

வாசல் விளக்கை அணைத்துவிட்டுச் சாப்பிடுங்கள்.

டொரத்தி